கில்ட் கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் கார் ஓட்டணும் – பின்னாடி கொசுவம் கசங்காம இருக்க வழி உண்டா?

#1 கிளாஸ்கோ_மழை

எல்லாருக்கும் வணக்கம். கூட வேலை பார்க்கிற ஸ்காட்டிஷ் நண்பனுக்கு அடுத்த சனிக்கிழமை ஃபோர்ட் வில்லியம் பக்கத்துல கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனுங்க நாலு பேர்ல நானும் ஒருத்தன். நாலு பேருக்கும் ஒரே டார்ட்டன்ல (அந்தக் கட்டம் போட்ட டிசைன்) வாடகைக்கு கில்ட் எடுத்தாச்சு. அதான், ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இடுப்புல சுத்திக் கட்டற, முழங்கால் வரைக்கும் வர்ற பாவாடை மாதிரி உடை. கடையில "எட்டு கெஜம், கெஜத்துக்கு 16 அவுன்ஸ் கம்பளி"ன்னு சொன்னப்ப சும்மா தலையாட்டினேன். கையில வாங்கினப்பதான் தெரிஞ்சுது, ஜமக்காளத்தை மடிச்சுக் கொடுத்த மாதிரி கனம்.

நேத்து ஒத்திகைக்காக வீட்ல கட்டிப் பார்த்துட்டு, அப்படியே கடை வரைக்கும் கார்ல போயிட்டு வந்தேன். இருபது நிமிஷம்தான். திரும்பி வந்ததும் பின்பக்கத்தைப் பார்த்துட்டு வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிக்கிறா. கொசுவம் பூரா ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு, தொடைக்குக் கீழே குறுக்கே ரெண்டு கோடு. இருபது நிமிஷத்துக்கே இந்த லட்சணம்னா ஃபோர்ட் வில்லியம் போற ஏ82 ரோட்டுல நூறு மைலுக்கு மேல என்ன ஆகும்? லோமண்ட் ஏரி ஓரத்துல டார்பெட் தாண்டினா ரோடு எப்படி வளையும்னு போனவங்களுக்குத் தெரியும். போய் இறங்கின உடனே வாசல்ல நின்னு வர்றவங்களை உட்கார வைக்கிறது என் வேலை. அதாவது எல்லாரும் என் முதுகைப் பார்த்துக்கிட்டுதான் உள்ளே வரப்போறாங்க.

மேனுவல் கார், துணி சீட். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 அபெர்டீன்_குளிர்

இதுக்குன்னு ஒரு விவாத இழையா! உட்காரும்போது ரெண்டு கையையும் பின்னாடி கொண்டுபோய், இடுப்புலேர்ந்து தொடை வரைக்கும் கீழ்நோக்கித் தடவிக்கிட்டே உட்காருங்க. அவ்வளவுதான். இங்க அஞ்சு வயசுப் பையன் செய்யறான்.

#3 கிளாஸ்கோ_மழை

அதைச் செஞ்சேன் சார். காருக்குள்ள குனிஞ்சு, ஒரு காலை உள்ளே வச்சு, ஸ்டியரிங்குக்கு அடியில நுழையும்போது ரெண்டு கையும் பின்னாடி எப்படிப் போகும்?

#4 ஊசிநூல்

தம்பி, ஒரு காலை முதல்ல உள்ளே வச்சதுதான் தப்பு. பேன்ட் போட்டவன் ஏறுற மாதிரி ஏறினா கில்ட் சீட்ல உரசி இழுபடும். துணி சீட் கம்பளியைப் பிடிச்சுக்கும், நீங்க மட்டும் நகர்ந்து உள்ளே போவீங்க. கொசுவம் சாஞ்சது அதனாலதான்.

நான் எடின்பரோவுல ஆல்டரேஷன் வேலை பார்க்கிறேன். கில்ட் தைக்கிற அளவுக்கு எனக்குக் கை வராது, அது தனி வித்தை. ஆனா வாடகைக்குப் போயி வந்த கில்ட்டை எத்தனையோ சரி பண்ணியிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

கில்ட்டை விரிச்சுப் பாருங்க. முன்னாடி ரெண்டு தட்டையான பகுதி ஒண்ணு மேல ஒண்ணு வரும், அதை ஏப்ரன்னு சொல்லுவாங்க. பின்னாடி முழுக்கக் கொசுவம். எட்டு கெஜம்னா ஏழு மீட்டருக்கு மேல துணி. அதுல பெரும்பங்கு உங்க முதுகுப் பக்கம்தான் இருக்கு, இருபத்தஞ்சு முப்பது மடிப்பா. மேல இடுப்புலேர்ந்து பிட்டத்துல அகலமான இடம் வரைக்கும் மடிப்பைக் கையால தைச்சு மூடியிருப்பாங்க. அந்த இடத்துக்குப் பேரு ஃபெல். அங்க உள்ளே கேன்வாஸும் இருக்கு, அதனால ஒண்ணும் ஆகாது. அதுக்குக் கீழதான் மடிப்பு அவுந்து தொங்குது. நீங்க உட்காரும்போது தொடைக்கு அடியில போறது சரியா அந்த அவுந்த பாகம்.

இப்ப கம்பளியோட குணம். ஈரம், சூடு, அழுத்தம் மூணும் ஒண்ணா சேர்ந்தா அதுக்குப் பேரு இஸ்திரி. வேர்வை ஈரம், உடம்புச் சூடு, உங்க எடை. மூணு மணி நேரம் உட்கார்ந்தா நீங்களே ஒரு இஸ்திரிப் பெட்டி. மடிப்பு நேரா இருக்கும்போது மேல உட்கார்ந்தா நேரா படியும், கோணலா இருக்கும்போது உட்கார்ந்தா அந்தக் கோணலைத்தான் தேய்ச்சுக் கொடுப்பீங்க. உட்கார்றதுனால கசங்கலை தம்பி, எப்படிப் படிஞ்சு கிடக்கும்போது உட்கார்ந்தீங்கன்றதுதான் கணக்கு.

காரில் ஏறுற விதம்: கதவை முழுசா திற. சீட்டை முடிஞ்ச அளவு பின்னாடி தள்ளு. காருக்கு முதுகு காட்டி நில்லு. ரெண்டு காலும் ரோட்டிலேயே இருக்கட்டும். ரெண்டு புறங்கையாலயும் ஃபெல் முடியற இடத்துலேர்ந்து முழங்கால் மடக்கு வரைக்கும் கொசுவத்தை நீவி விட்டு, நேரா கீழே உட்கார். அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே சுழற்று. புடவை கட்டிக்கிட்டு கார்ல ஏறின எந்தப் பொம்பளையும் உங்களுக்குச் சொல்லித் தருவா, வீட்ல கேட்டுப் பாருங்க.

சுழலும்போதும் துணி சீட் இழுக்கும். பழைய சாட்டின் தாவணியோ, வழவழன்னு இருக்கற லைனிங் துணியோ ஒண்ணை சீட் மேல விரிச்சுக்கோங்க. துணியோட சேர்ந்து நீங்க திரும்புவீங்க, கொசுவம் அசையாது.

முக்கியமா ஒண்ணு: சீட் ஹீட்டரைப் போடாதீங்க. மேல சொன்ன இஸ்திரிக் கதைதான்.

#5 லீத்_வாசி

ஊசிநூல் சொன்னதோட ரெண்டு விஷயம்.

கில்ட் வலது பக்கம் திறக்கும். மேல் ஏப்ரனோட குஞ்சம் விட்ட ஓரமும், அதுல குத்தற கில்ட் பின்னும் (ஊக்கு) உங்க வலது தொடை மேலதான் இருக்கும். இந்த நாட்டுல ஓட்டுநர் சீட்டும் வலது பக்கம், கதவும் வலது பக்கம். கதவை அடைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஓரத்தை உள்ளே இழுத்து விடாட்டி கதவுல மாட்டும். மாட்டினது தெரியாமலே போய், கிரீஸ் கறையோட இறங்கின ஆளை நான் பார்த்திருக்கேன். (சரி, நான்தான்.) பக்கத்து சீட்ல உட்கார்ந்தா இந்தத் தொல்லை இல்லை.

ரெண்டாவது, ஸ்போரன். இடுப்புச் சங்கிலியில முன்னாடி தொங்குற பை. அதை அப்படியே வச்சுக்கிட்டு சீட் பெல்ட் போடாதீங்க. பெல்ட்டோட கீழ்ப்பட்டை இடுப்பெலும்பு மேல ஒட்டிப் படியணும். நடுவுல உலோக மூடி போட்ட ஒரு பை இருந்தா, அவசரமா பிரேக் அடிக்கும்போது அது வயித்துல இறங்கும். கழட்டிப் பின் சீட்ல போடறது உத்தமம். முன் சீட்ல பெல்ட் 1983 ஜனவரி 31-லேர்ந்து இங்க கட்டாயம், அதனால "கில்ட் கசங்கும்"னு போலீஸ்காரர்கிட்ட சொல்ல முடியாது.

உடையும் காலணியும் கார் ஓட்டுறதுக்குத் தடையா இருக்கக்கூடாதுன்னு ஹைவே கோட்ல (இந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகம்) 97-வது விதியிலேயே இருக்கு. கில்ட்டைவிட எனக்குப் பயம் அந்தச் செருப்புதான். கில்லி பிரோக்ஸ்னு கணுக்கால் சுத்தி நீளமா நாடா கட்டுவாங்களே, அதோட நுனிக் குஞ்சம் கிளட்ச் பெடலுக்குப் பக்கத்துல ஆடிக்கிட்டே இருக்கும். சாதா ஷூ போட்டு ஓட்டுங்க.

#6 சும்மா_ஒருத்தன்

எல்லாரும் கேட்க நினைச்சு கேட்காத கேள்வி: உள்ளே ஜட்டி உண்டா? 😄

#7 லீத்_வாசி

வாடகை கில்ட். உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் கட்டினாங்கன்னு தெரியாது, அடுத்து ஒருத்தர் கட்டணும். கட்டாயம் போடுங்க. அதுவும் 16 அவுன்ஸ் கம்பளி மேல மூணு மணி நேரம் வெறும் தோலோட உட்கார்ந்தா, வழியில க்ரியன்லாரிக் ஊரைத் தாண்டறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

#8 பருத்தித்துறையான்

வணக்கம். நான் பதினொரு வருசமா இங்கை ஒரு பைப் பேண்டிலை (பேக்பைப் ஊதுற வாத்தியக் குழு) டிரம் அடிக்கிறன். கோடை முழுக்க ஒவ்வொரு சனியும் எங்கையாவது போட்டி. ஆகஸ்டிலை கிளாஸ்கோ கிரீனிலை உலகப் போட்டி. அவ்வளவு ஓட்டத்திலையும் எங்கடை பேண்டிலை ஒருத்தரும் கில்ட்டோடை பயணம் செய்யிறேல்லை. பஸ்ஸுக்கை எல்லாரும் அரைக்காற்சட்டைதான். போய் இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னாலை நிண்டு மாத்திக்கொண்டு, ஆளுக்காள் பின்பக்கம் பாத்துச் சரிசெய்துபோட்டுத்தான் வாசிக்கிற போட்டி வட்டத்துக்குப் போறது.

தம்பி, நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ. மற்றவை சொல்லுற எல்லா வித்தையும் சரி, ஆனா கார் ஓடுறது எண்டால் இடக்கால் கிளட்சிலை மேலை கீழை போய்க்கொண்டுதானே இருக்கும்? நீங்கள் எவ்வளவு வடிவா இருந்தாலும் அரை மணித்தியாலத்திலை ஒரு பக்கம் அரைச்சுப்போடும்.

கொண்டுபோற முறை எங்கடை பேண்டின்ரை பழைய தலைவர், பைப் மேஜர், சொல்லித்தந்தது. கில்ட்டை மேசையிலை வடிவா விரிச்சு, கொசுவம் எல்லாத்தையும் நேராக்கி, ஒரு பக்கத்திலையிருந்து மற்றப் பக்கத்துக்குப் பாய் சுருட்டுற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கோ. இடுப்பிலையிருந்து கீழ்நோக்கிச் சுருட்டக்கூடாது, பக்கவாட்டிலை. அப்பத்தான் கொசுவம் சுருளின்ரை நீளத்துக்கு நேரா கிடக்கும், ஒண்டும் குறுக்கை மடியாது. பிறகு பொம்பிளையளின்ரை நைலோன் காலுறை ஒண்டின்ரை பாதத்தை வெட்டிப்போட்டு, அந்தக் குழாய்க்குள்ளை சுருளை விடுங்கோ. ரெண்டடி நீளத்திலை ஒரு உருளை. பின் சீட்டிலை போட்டால் உருண்டாலும் ஒண்டும் ஆகாது.

#9 அபெர்டீன்_குளிர்

பைப் பேண்ட்டுக்கு பஸ் இருக்கு. ஏ82-ல எங்க மாத்தறது? நடு ரோட்டுலயா? நான் வருஷம் பூரா கில்ட் கட்டறவன், கட்டிக்கிட்டேதான் ஓட்டறேன், ஒண்ணும் குடி முழுகிடலை.

#10 ஊசிநூல்

அபெர்டீன் அண்ணா, உங்களுது என்ன துணி?

#11 அபெர்டீன்_குளிர்

பாலி விஸ்கோஸ். அஞ்சு கெஜம்.

#12 ஊசிநூல்

அதான் பார்த்தேன். 😀 அதுல பாலியெஸ்டர் கலந்திருக்கு. மடிப்பைச் சூடு வச்சு நிறுத்தினா நிக்கும், சுலபத்துல கசங்காது. அஞ்சு கெஜத்துல மடிப்பும் ஆழம் கம்மி, உட்கார்ந்தா அடியில போறதும் கம்மி. தினப்படிக்கு அருமையான துணி, குறை சொல்லலை. ஆனா அதை வச்சு எட்டு கெஜக் கம்பளிக்கு யோசனை சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம், கம்பளிக்குள்ளேயே கனம் கூடினது நல்லது. 10, 11 அவுன்ஸ் துணி சீக்கிரம் கசங்கும், 16 அவுன்ஸ் தன் கனத்துலயே தொங்கித் தன்னைச் சரிபண்ணிக்கும். கிளாஸ்கோ தம்பி ஜமக்காளம்னு சலிச்சுக்கிட்டாரே, அந்தக் கனம்தான் அவரைக் காப்பாத்தப் போகுது. நேத்து கசங்கினதை ராத்திரி கிளிப் ஹேங்கர்ல இடுப்புப் பட்டையைப் பிடிச்சுத் தொங்க விட்டீங்களா?

#13 கிளாஸ்கோ_மழை

விட்டேன். இப்பதான் பார்த்தேன், சாஞ்ச கொசுவம் பாதிக்கு மேல நேராயிடுச்சு! குறுக்குக் கோடு ரெண்டுல ஒண்ணு மட்டும் இன்னும் இருக்கு. இஸ்திரி போடலாமா?

#14 ஊசிநூல்

வேண்டவே வேண்டாம்! வாடகைத் துணி. நேரா இஸ்திரிப் பெட்டியை வச்சா பளபளன்னு ஒரு தடம் விழும், அது போகாது. ஒழுங்கா இஸ்திரி போடணும்னா ஒவ்வொரு மடிப்பையும் நேராக்கி, பெரிய ஓட்டுத்தையலா நூலோட்டி நிறுத்தி, மேல ஈரத்துணி போட்டு, பெட்டியை இழுக்காம எடுத்து எடுத்து அழுத்தணும். ஒரு மத்தியானம் போயிடும். உங்களுக்கு அது தேவையில்லை. வெந்நீர் ஷவரைத் திறந்து விட்டு, குளியலறைக் கொக்கியில பத்து நிமிஷம் மாட்டுங்க. தண்ணி தெறிக்காம பார்த்துக்கோங்க. அப்புறம் வெளியே எடுத்துக் காத்தாட விடுங்க. கோடு அப்பவும் இருந்தா கடையிலேயே சொல்லுங்க, பண்ணிக் கொடுப்பாங்க.

#15 பழைய_ஏடு

ஒரு இடைச்செருகல், மன்னிக்கணும். இந்தக் கத்தி மாதிரி மடிப்பும், அது கலையக்கூடாதுன்ற கவலையும் ஹைலாண்ட்காரங்களோட (ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆளுங்க) ஆதி வழக்கம் இல்லை. பழைய கில்ட்ல தையலே கிடையாது. பெரிய கம்பளியைக் கையால கொசுவி, இடுப்புல பெல்ட்டால கட்டி, மிச்சத்தைத் தோள்ல போட்டுக்குவாங்க. ராத்திரி அதுவே போர்வை. இடுப்புக்குக் கீழ் மட்டும் வர்ற சின்ன கில்ட் 18-ஆம் நூற்றாண்டுல பரவினது. அதை உண்டாக்கினது ராலின்சன்னு ஒரு ஆங்கிலேய இரும்பாலைக்காரர்னு ஒரு கதை, அதுக்கு இன்னிக்கும் சண்டை நடக்குது. 1746-ல அரசாங்கம் ஹைலாண்ட் உடையையே தடை பண்ணுச்சு. 1782-ல தடையை எடுத்தாங்க. ஆனா அந்தத் தடைக் காலம் பூரா ராணுவத்துல இருந்த ஹைலாண்ட் படைகள் மட்டும் கட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. முதுகுப் பக்கம் எல்லாருக்கும் ஒரே அச்சுல நிக்கணும்னு நினைக்கிற அணிவகுப்புப் புத்தி அங்கேர்ந்து ஒட்டிக்கிட்டதுதான்னு நினைக்கிறேன்.

1822-ல நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வந்தப்ப அவர் கட்டின கில்ட் ரொம்பக் குட்டை, உள்ளே தோல் நிறத்துல காலுறை போட்டிருந்தார். ராஜாவுக்கே அந்தக் கதி. நம்ம தம்பி கவலைப்பட வேண்டாம்.

#16 லீத்_வாசி

குட்டைன்னு சொன்னதும் ஞாபகம் வந்துது. தம்பி, எங்க கட்டியிருக்கீங்க? ஜீன்ஸ் கட்டற இடத்துலயா?

#17 கிளாஸ்கோ_மழை

ஆமா. வேற எங்க?

#18 லீத்_வாசி

தொப்புள்கிட்ட. ஃபெல்லை அந்த உயரத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் தைச்சிருப்பாங்க. கீழே இறக்கிக் கட்டினா தைச்ச பாகமும் தொடைக்கு இறங்கி, உட்காரும்போது அதுவே மடங்கும். உங்களோட அந்த ரெண்டாவது கோடு அதுதான்னு நினைக்கிறேன். மேல ஏத்திக் கட்டினா ஓரம் முழங்கால் சில்லுக்கிட்ட வந்து நிக்கும், அதான் சரியான நீளம்.

உயரத்துல கட்டினா உட்கார்ந்ததும் வயிறு இறுகும். விருந்துக்கு உட்காரும்போது வலது பக்கத்து வாரை ஒரு ஓட்டை தளர்த்திக்கோங்க. எழுந்ததும் திரும்ப இறுக்க மறந்துடாதீங்க. அது என் இன்னொரு கதை, இங்க வேண்டாம்.

#19 பருத்தித்துறையான்

பின் குத்துறதும் கவனம். மேல் ஏப்ரனிலை மட்டும் குத்துங்கோ. காத்துக்குப் பறக்கும் எண்டு ரெண்டையும் சேத்துக் குத்தினால், இருக்கேக்கை ரெண்டு துணியும் ரெண்டு பக்கம் இழுபட்டுக் கிழியும். எங்கடை பேண்டுக்குப் புதுசா வாற பொடியள் எல்லாரும் ஒருக்கா இதைச் செய்யிறவங்கள்.

கதிரையிலை இருக்கேக்கை முழங்கால் ரெண்டையும் கிட்ட வச்சுக்கொண்டு, ஸ்போரனை மடிக்கு நடுவிலை விழ விடுங்கோ, அதின்ரை பாரமே ஏப்ரனை அமத்திப் பிடிக்கும். காலுக்கு மேலை கால் போடாதேங்கோ. மேடையிலை இருந்தால் முன் வரிசைச் சனத்தின்ரை முகத்திலையே தெரியும் நீங்கள் எப்பிடி இருக்கிறியள் எண்டு.

#20 நாராயணி_டண்டீ

படிச்சு ரசிச்சேன். வீட்டுக்காரருக்காக ஒரு சந்தேகம்: காலுறையில சொருகற அந்தச் சின்னக் கத்தி கார்ல இருக்கலாமா?

#21 லீத்_வாசி

தேசிய உடையோட பாகமா அணிஞ்சா சட்டத்துல அதுக்கு விலக்கு இருக்குங்க. அதுக்காக உடையைக் கழட்டி வச்சுட்டுக் கத்தியை மட்டும் பாக்கெட்ல வச்சுக்கிட்டுச் சுத்தக்கூடாது. வாடகை செட்ல பெரும்பாலும் பிளேடே இல்லாத டம்மிதான் வரும். எதுவானாலும் ஓட்டும்போது எடுத்துடச் சொல்லுங்க. வலது கெண்டைக்கால்ல பிடி குத்திக்கிட்டே இருக்கும், அந்தக் கால்தான் பிரேக்குக்கு வேணும்.

#22 கிளாஸ்கோ_மழை

*ஒன்பது நாள் கழிச்சு*

எல்லாருக்கும் நன்றி, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. நடந்ததைச் சொல்லணும்ல.

பருத்தித்துறை அண்ணன் சொன்னபடி சுருட்டி, காலுறைக்குள்ள விட்டு, பின் சீட்ல வச்சுக்கிட்டு டிராக் பேன்ட்லயே ஓட்டினேன். கிளென்கோ தாண்டி ஒரு பார்க்கிங்ல நிறுத்தி மாத்திக்கலாம்னு கணக்கு. மேல் சட்டை, வெயிஸ்ட்கோட் எல்லாம் போட்டு முடிச்சு, பேன்ட்டைக் கழட்டின நொடியில மிட்ஜ் கூட்டம் வந்துச்சு பாருங்க! கொசுவைவிடப் பொடிசு, ஆயிரக்கணக்குல. முழங்கால் வெறுமனே கிடந்தா விடுமா? கில்ட்டைச் சுத்தி மூணு வாரையும் மாட்டறதுக்குள்ள பரதநாட்டியமே ஆடிட்டேன். ஒரு ஜெர்மன் கேம்பர்வேன் குடும்பம் நின்னு பார்த்துச்சு.

மிச்சம் முக்கால் மணி நேரம் கட்டிக்கிட்டேதான் ஓட்டினேன். முதுகு காட்டி உட்கார்ந்து, கால் சுழற்றி, சீட்ல வீட்டுக்காரியோட பழைய சாட்டின் உள்பாவாடை. ஸ்போரன் பின் சீட்ல, குஞ்ச ஓரம் கதவுக்கு உள்ளே. இறங்கினதும் ரெண்டு கையால பின்னாடி ஒரு தட்டு, ஒரு உதறு. மத்த மூணு தோழனுங்களும் இன்வர்னெஸ்லேர்ந்து கட்டிக்கிட்டே ஒரே கார்ல நெருக்கி உட்கார்ந்து வந்தவங்க. போட்டோவுல நாலு முதுகும் வரிசையா இருக்கு. எது என்னுதுன்னு மாப்பிள்ளையோட அம்மாவே கண்டுபிடிச்சாங்க, என் பெயரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போனாங்க.

ராத்திரி கெய்லி நடனத்துல எல்லாம் போச்சு, அது வேற.

#23 ஊசிநூல்

சந்தோஷம் தம்பி. ஆடி முடிச்சு வேர்வையோட பைக்குள்ள திணிக்காதீங்க. ஒரு ராத்திரி தொங்கவிட்டு ஈரம் போனதும் திருப்பிக் கொடுங்க. துவைக்க வேண்டாம்.

#24 கிளாஸ்கோ_மழை

கொடுத்தாச்சு அக்கா. கடைக்காரப் பெரியவர் விரிச்சுப் பார்த்துட்டு "யார் சொல்லிக் கொடுத்தது?"ன்னு கேட்டார். உள்ளே ஒரு செத்த மிட்ஜ் இருந்துச்சு, அதை மட்டும் தட்டி விட்டார்.

#25 நாராயணி_டண்டீ

அந்த உள்பாவாடை வழவழப்பு சாட்டின்தானே? எங்களுக்கு அடுத்த மாசம் பெர்த்ல ஒண்ணு இருக்கு, இவருக்கு லெதர் சீட்.

#26 ஊசிநூல்

லெதர்னா அது வேண்டாம்மா, வழுக்கிக்கிட்டு முன்னாடி வந்துடுவார். பருத்தித் துண்டு ஒண்ணு விரிச்சா போதும், வேர்வையையும் இழுத்துக்கும்.